மார்செய்யின் சுவர்கள்

மார்செய்யின் நொவாய் சந்தையில் புதினாவும் சீரகமும் மணக்க நடக்கும்போது, பாரிசில் கிடைக்காத ஏதோவொன்று எனக்குக் கிடைக்கிறது. குப்பையும் வெடிப்பு விழுந்த சுவர்களும் கண்ணில் படாமலில்லை. ஆனால் இங்கே வந்து குடியேறியவர்கள் நகரின் நடுவிலேயே வாழ்கிறார்கள். பாரிசில் எங்களில் பலர் புறநகரோடு சரி. இந்த உயிர்ப்புக்கு மலிவு வாடகை ஒரு காரணம். அந்த மலிவுக்கோ, பழுதுபார்க்காமல் விடப்பட்ட வீடுகள். 2018 நவம்பர் 5 அன்று, சந்தையை ஒட்டிய ஒபாஞ் தெருவில் கட்டடங்கள் இடிந்து விழுந்து 8 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் நான் ரசித்தது எதை?

திருத்தினால் வாடகை ஏறும், சனம் வெளியேறிவிடும், நகரம் செத்துவிடும் என்றேன், அங்கே வேலை செய்யும் தம்பி ஒருவனிடம். “அது உங்கட கவலை அண்ணை. கூரை விழாமல் படுத்தெழும்புறதுதான் அந்தச் சனத்தின்ர கவலை” என்றான்.

அடுத்தமுறை சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். புதினாவும் வாங்கினேன்.