நாளைக் காலை ஆறு மணி

நாளைக் காலை ஆறு மணிக்குச் செம்பாக்கம் ஏரிக்கரையில் பறவை பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டீர்கள். நாற்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகள். தொப்பி, தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், பேனர் எல்லாம் தயார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கரையில் நீங்கள் மட்டும் நடந்தீர்களா? இல்லையென்றால் இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். குரோம்பேட்டையிலிருந்து வண்டியில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டு வாருங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

அதட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். பட்ட பாடு அப்படிப் பேசவைக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவுக்காக முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஓர் ஏரிக்கு அழைத்துப் போனேன். எந்த ஏரி, எந்தக் குழு என்பதெல்லாம் வேண்டாம், தவறு என்னுடையது. போன மாதம் பார்த்த இடம்தானே என்ற தைரியம். இடையில் மழை பெய்து, கலங்கல் வழிந்து, கல்லில் பாசி பிடித்திருந்தது. குழுப்படம் எடுக்க அந்தக் கலங்கல் மேல்தான் பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொன்னேன். பின்வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புப் பையன் சறுக்கி அந்தப் பக்கம் விழுந்தான். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். சிராய்ப்போடு போயிற்று. அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க இருக்கீங்கன்னுதான் சார் அனுப்பினேன்" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கூட்டத்தோடு ஒரு முறை போவதற்கு, கூட்டம் இல்லாமல் மூன்று முறை போயிருக்க வேண்டும். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் கடற்கரையில் பார்த்துக் கற்றது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல், பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் இரவில் நடக்கிறார்கள். ஆமை இட்டுப்போன முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்து, நாற்பத்தைந்து நாளுக்கு மேல் காத்திருந்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பொதுமக்களை வார இறுதியில் கூட அழைத்துப் போவதுண்டு. டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது என்பார்கள். ஐ.டி. கம்பெனி மேலாளராக இருந்தாலும் அங்கே மறுபேச்சு கிடையாது. ஏன் என்று யோசித்திருக்கிறேன். நாம் போகாத இரவுகளிலும் அவர்கள் நடக்கிறார்கள். 2025 ஜனவரியில் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் சென்னைக் கரையில் ஒதுங்கியபோது அதை எண்ணிச் சொல்ல முடிந்ததும் அப்படி விடாமல் நடந்த கால்களால்தான்.

"நான் விலங்கியல் படிக்கவில்லையே, எனக்கு இதெல்லாம் எப்படி வரும்?" என்று சிலர் பின்வாங்குகிறார்கள். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் குடியேறியபோது, அந்த வளாகத்தில் மரம் வைத்து வளர்த்ததில் பெரும்பங்கு எட்வர்ட் பார்ன்ஸ் என்ற பேராசிரியருடையது. அவர் பாடம் நடத்தியது வேதியியல். செடி தேடி மலை மலையாக அலைந்தது சொந்த ஆசையில். பட்டம் இல்லாதது குறையே இல்லை. போகாமல் இருப்பதுதான் குறை.

சரி, தனியாகப் போய் என்ன பார்ப்பது? முதலில் பறவையைப் பார்க்காதீர்கள். பிள்ளைகளின் கால் எங்கே படும் என்று பாருங்கள். கரை எங்கே அரித்திருக்கிறது, மதகுக்குப் பக்கத்தில் ஆழம் எவ்வளவு, ஆகாயத்தாமரை பச்சைப் புல்வெளி போல எங்கே படர்ந்து ஏமாற்றுகிறது, கண்ணாடிச் சில்லு எங்கே கிடக்கிறது, நாய்க்கூட்டம் எந்தத் திருப்பத்தில் படுத்திருக்கிறது. பெண்பிள்ளைகள் வருகிறார்களே, கழிவறைக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? அந்த வீட்டம்மாவிடம் இன்றைக்கே சொல்லி வைத்தீர்களா? இது அற்ப விஷயம் என்று நினைக்கிறவர் வழிநடத்த வரவேண்டாம். இந்த ஒரு காரணத்தால் பத்து வயதுக்கு மேல் மகளை அனுப்பாமல் நிறுத்திவிடும் அம்மாக்களை எனக்குத் தெரியும்.

எண்ணுங்கள். கிளம்பும்போது, நடுவில், திரும்பும்போது. வாயால் எண்ணாமல் தலையைத் தொட்டு எண்ணுங்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர்; பின்னால் வருகிறவர் கடைசிப் பிள்ளையை முந்தக் கூடாது. எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனியாக ஒதுங்கிப் போகக் கூடாது. நீங்களும்தான், நானும்தான். நம்ம ஆள்தானே என்று ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் அந்த விதி அங்கேயே செத்துப்போகும். பிள்ளைகள் படத்தை வலைத்தளத்தில் போடுவதற்குப் பெற்றோரிடம் கேளுங்கள். "ஃபண்டு கொடுத்தவங்க கேக்கறாங்க" என்பது அனுமதி ஆகாது.

பாம்பு. இந்தப் பக்கத்துப் புதர்க்காட்டில் நல்ல பாம்பும் உண்டு, கண்ணாடி விரியனும் உண்டு, சுருட்டை விரியனும் உண்டு. கடித்தால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த மருத்துவமனை? விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறதா? போனில் கேட்டால் "இருக்கு, இருக்கு" என்பார்கள். நேரில் போய்க் கேளுங்கள். அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்கள் நமக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறார்கள். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் புதரையும் புற்றையும் அவர்கள் அளவுக்குப் படித்த பேராசிரியர் யார்? ஆனால் நம் நிகழ்ச்சிகளில் இருளர் ஒருவர் வந்தால் ஓரமாக நிற்கவைத்து, கடைசியில் ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பிவிடுகிறோம். ஆசிரியராக அழையுங்கள். ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுங்கள். துண்டு வேண்டாம்.

இப்போது பறவைக்கு வருகிறேன். நன்மங்கலம் காப்புக்காடு நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். சுமார் 320 ஹெக்டேர் புதர்க்காடு. உள்ளே கைவிடப்பட்ட கல்குவாரிகள். அந்தப் பாறை விளிம்புகளில்தான் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. அது கூடு கட்டுவதில்லை. வெறும் பாறைத் திட்டில் முட்டையிட்டு அடைகாக்கும். அதன் இனப்பெருக்கக் காலம் எப்போது? குளிர் தொடங்கியதிலிருந்து கோடை முதிரும்வரை. நம் நடைகளுக்குச் சுகமான மாதங்களும் அதற்குள்தான் வருகின்றன. இடிக்கிறது, பார்த்தீர்களா? நாற்பது பேர் கீழே நின்று கை காட்டினால் ஆந்தை எழுந்து பறந்துவிடும். பகலில் பறக்கிற ஆந்தையைக் காக்கைகள் விடாது. மேலே முட்டை வெயிலில் கிடக்கும். பிள்ளைகள் "சூப்பர் அண்ணா!" என்று கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அலைபேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிற அண்ணாக்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்துங்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆந்தை நுழைந்துவிட்டது என்று பதறி ஓடி வருகிறது அது. அந்தப் பதற்றத்தை நாம் வேடிக்கையாக விற்கிறோம்.

படம் எடுத்தால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். ஆந்தையை மாந்திரீகத்துக்கு என்று பிடித்து விற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் போட்ட வரைபடக் குறி அவர்களுக்கும் வழிகாட்டும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். வேலியில் இடைவெளி இருக்கிறது என்பது அனுமதி ஆகாது.

ஆள்காட்டியைக் கேளுங்கள். பொட்டல் தரையில், கூழாங்கல் நிறத்தில் முட்டையிடுகிற பறவை. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் நம் ஆட்கள் வைத்த பெயர். அது தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் "பாருங்க, பாருங்க" என்று இன்னும் இரண்டு அடி முன்னால் போகிறோம். காலடியில் முட்டை இருக்கிறது என்பதைத்தான் அது கத்திச் சொல்கிறது. வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஏன் திரும்புகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு வேறெதையும் சொல்லாவிட்டாலும் போதும்.

இன்னொரு கெட்ட பழக்கம், அழகை மட்டும் காட்டுவது. சங்குவளை நாரை நிற்கிற பக்கம் பிள்ளைகளை நிறுத்தி, சாக்கடை கலக்கிற பக்கத்துக்கு முதுகு காட்ட வைக்கிறோம். நம் குரோம்பேட்டையின் பெயரே ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. குரோம் உப்பில் தோல் பதனிட்ட ஊர். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் எதைச் சொல்வது? பக்கத்துப் பல்லாவரத்தில் 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தியாவில் அப்படியொரு கருவி அடையாளம் காணப்பட்டது அதுதான் முதல் தடவை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் நடமாடிய தரையில் நிற்கிறோம் என்று சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை வாயைப் பிளக்கும். அடுத்த நிமிடம் குனிந்து கல் பொறுக்கும். பொறுக்கட்டும்.

அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தண்ணீர் போகிற வழியைக் காட்டுங்கள். செம்பாக்கம் நிறைந்தால் நன்மங்கலம், அடுத்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது, சுமார் 1,248 ஹெக்டேர். அதே சதுப்பின் மடியில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த கதையைப் பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டிருப்பார்கள். அந்தத் தண்ணீர் எந்த வாய்க்காலைத் தேடி வந்தது என்று கரையில் நின்று காட்ட முடிகிற ஆள் நீங்கள்தான். 2019 கோடையில் சிட்லபாக்கம் ஏரி வறண்டபோது ஊர்க்காரர்களே இறங்கித் தூர்வாரினார்கள். அங்கே போனால் அந்தத் தெருக்காரர் ஒருவரைப் பேசவிடுங்கள். நீங்கள் சும்மா இருங்கள்.

யார் வருகிறார்கள் என்றும் பாருங்கள். அடுக்குமாடிப் பிள்ளைகள் பைனாகுலரோடு வருகிறார்கள். ஏரிக்கரையிலேயே குடியிருக்கிற பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று, இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கிறார்கள். முக்குளிப்பான் எந்த நாணலில் கூடு வைத்திருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அவர்களைக் கூப்பிடுங்கள். கட்டணம் கேட்காதீர்கள். அவர்கள் நாமக்கோழியை வேறு பெயரில் சொன்னால் திருத்தாதீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் "காய்ஸ், லுக் லெஃப்ட்" என்று ஏன் கத்துகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர்.

கடைசியாக, வாய்க்கு வராத ஒரு வார்த்தையைப் பழகிக்கொள்ளுங்கள்: "திரும்பிடலாம்." 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் இருபத்துமூன்று பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேறப் போனவர்கள். புல் காய்ந்த பருவம். அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024இல் வனத்துறை நாற்பது பாதைகளைத் திறந்தபோது, தீப்பருவத்தில் மூடிவைப்பதையும் சேர்த்தே வைத்தது. ஏரிக்கரைக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கும் கூட்டம் திரும்ப விரும்பாது. காசு கட்டியிருக்கும், விடியற்காலையில் எழுந்து வந்திருக்கும், முகம் சுளிக்கும். இடி இடிக்கிறது, வானம் கறுக்கிறது, "இன்னும் பத்து நிமிஷம்தானே சார்" என்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தை மறுக்கத்தான் உங்களை முன்னால் நிறுத்தியிருக்கிறது. மற்றதையெல்லாம் பறவைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

இன்னும் நீங்கள் கரைக்குப் போய்வரவில்லை, இருட்டியும் விட்டது என்றால், அலைபேசியை எடுங்கள். என்ன எழுதுவது என்று கூச்சமாக இருந்தால் இதையே அனுப்புங்கள்: "நாளைய நடை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. இடத்தை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மன்னிக்கவும்."