குறுவாளும் மனநிறைவும்

அரசியலில் பங்கேற்பது மனித வாழ்வுக்கு நிறைவு தருமா, இருக்கும் நிம்மதியையும் கெடுக்குமா என்ற கேள்விக்குப் பழைய கிரேக்கர்களிடமே இரு விடைகள் உண்டு: மனிதன் இயல்பாகவே அரசியல் சமூகத்தில் வாழும் உயிர் என்றார் அரிஸ்டாட்டில், எபிக்யூரஸோ பொதுவாழ்வை விட்டு ஒதுங்கி, ஏதென்ஸ் நகருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு வாழ்ந்து காட்டினார்.

இதை அளந்தே பார்க்க முற்பட்டவர்கள் புரூனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டூட்சர் என்னும் பொருளியலாளர்கள். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களது ஆய்வு, சுவிட்சர்லாந்தில் 6000-க்கும் மேற்பட்டோர் தம் வாழ்க்கை நிறைவுக்குப் பத்துக்கு இத்தனை என்று இட்ட மதிப்பெண்களை, அவரவர் கான்டனில், அதாவது அந்நாட்டின் 26 உறுப்பு மாநிலங்களில் ஒன்றில், சட்டங்களின் மீது குடிமக்களே நேரடியாக வாக்களிக்கும் உரிமை எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதோடு ஒப்பிட்டது. உரிமை விரிந்த இடத்தில் நிறைவும் கூடியிருந்தது; வாக்கில்லாத வெளிநாட்டவரிடம் அந்தக் கூடுதல் குறைவாகவே தென்பட்டது. ஆகவே முடிவின் பலனைத் தவிர, முடிவெடுக்கும் முறையில் இடம்பெறுவதிலேயே ஒரு பயன் உண்டு என்று கருதி, அதை நடைமுறைப் பயன் என அவர்கள் அழைத்தனர்.

இந்த இதமான முடிவோடு ஒட்டாமல் நிற்கும் நிகழ்ச்சி ஒன்று அதே நாட்டில் உண்டு. 1990 ஏப்ரல் 29 அன்று அப்பென்செல் இன்னர்ரோடன் கான்டனின் திறந்தவெளி மக்கள் மன்றத்தில் கூடிய ஆண்கள், கூட்டாட்சித் தேர்தல்களில் 1971 முதலே வாக்களித்து வந்த தம் வீட்டுப் பெண்களுக்குக் கான்டன் வாக்குரிமையைத் தர மறுபடியும் மறுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகே, 1991 இல் பெண்கள் அந்தத் திடலுக்குள் வாக்காளராக வந்தனர்.

அந்த மன்றத்துக்கு வரும் ஆண் ஏந்தியிருக்கும் குறுவாளே அவரது வாக்குரிமைச் சான்றாக ஏற்கப்படுகிறது. பெண்கள் காட்டுவது அச்சிட்ட அட்டையை. பல குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் அந்த வாளைப் பிடித்து நிற்பவர் உணரும் நிறைவு எதனால் விளைவது? ஊர்க் காரியத்தில் தம் கைக்கும் மதிப்புண்டு என்பதாலா, வேலிக்கு உட்புறம் நிற்போரில் தாமும் ஒருவர் என்பதாலா? பின்னதே காரணமாயின், வெளியே சிலர் நின்றாக வேண்டும். வெளிநாட்டவரைக் காட்டிலும் குடிமக்களிடம் காணப்பட்ட அந்தக் கூடுதல் நிறைவிலும் இதன் சாயல் கலந்திருக்கக்கூடும்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1982 இல் எழுதிய நூலொன்று, தனிவாழ்வில் ஏமாற்றமடைந்தோர் பொதுவாழ்வுக்கும், பொதுவாழ்வில் சலித்தோர் தனிவாழ்வுக்கும் மாறி மாறிச் செல்வதை விவரிக்கிறது. இயக்கப் பணி எதிர்பார்த்ததைவிட மிகுதியான நேரத்தை விழுங்குவதும், எவ்வளவு கொதிப்புடையவருக்கும் ஒரே ஒரு வாக்குதான் என்பதும் அந்தச் சலிப்புக்கு அவர் காட்டும் காரணங்களுள் அடங்கும். இந்த நோக்கில் பார்த்தால், ஆண்டுக்கு ஒருமுறை வாளோடு வந்து கைதூக்கிவிட்டு வீடு திரும்புவது மிக மலிவான பங்கேற்பு. துண்டறிக்கை கொடுத்துத் தெருத்தெருவாக அலைபவரின் மனநிலையை அதைக்கொண்டு கணிக்க முடியாது.

மொழி, மதம் போன்ற வேறுபாடுகளையும் கணக்கில் சேர்த்த பிற்கால ஆய்வாளர்களுக்கு, ஃப்ரையும் ஸ்டூட்சரும் கண்ட தொடர்பு அத்தனை உறுதியாகத் தெரியவில்லை. பிரெஞ்சு மொழி பேசும் கான்டன்களில் நேரடி உரிமைகள் பொதுவாகக் குறைவு. அங்குள்ளோரின் மதிப்பெண் குறைந்தால், அதற்குக் காரணம் உரிமைக் குறைவா, தம்மைப் பற்றிப் பேசும் பண்பாட்டு வழக்கமா என்று பிரித்தறிவது எளிதன்று. மேலும், கூட்டாட்சி வாக்கெடுப்புகள் பலவற்றில் வாக்காளரில் பாதிக்கும் குறைவானோரே வாக்களிக்கின்றனர். எனவே நிறைவைத் தருவது பங்கேற்பா, வேண்டும்போது பங்கேற்கலாம் என்ற உறுதியா என்பதும் தீராத ஐயமே. அந்த உறுதியும் எல்லோருக்கும் கிட்டுவதில்லை: சுவிட்சர்லாந்தில் வாழ்வோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை உடையவர், கூட்டாட்சி வாக்கெடுப்புகளில் அவருக்கு இன்றும் வாக்கில்லை.