காவலுக்குக் கூலியும் களவுக்கு ஈடும்

கருமத்தம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளடங்கிய தோட்டமொன்றில், விடியற்காலையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயி, ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கிணற்றுக்குள் இறங்கிய தாமிர வயர் இரவோடிரவாக அறுத்துக்கொண்டு போகப்பட்டிருப்பதைக் காண்கிறார். வேலியோரத்தில் வயரின் மேலுறையைக் கொளுத்தி எரித்த கரிய திட்டு ஒன்று கிடக்கிறது. உள்ளிருந்த செம்பு போய்விட்டது. ஸ்டேஷனுக்குச் சென்று ரைட்டரிடம் மனு எழுதிக் கொடுக்கிறார். மனு ரசீது கிடைக்கிறது. விசாரணை முடியும் வரை வாழை வாடாமல் காத்திராதாகையால், அன்று மாலையே கடன் வாங்கிப் புது வயர் போடுகிறார். திருடன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் நஷ்டம் அவருடையதே என்பதை அவரும் அறிவார், மனுவை வாங்கி வைத்தவரும் அறிவார். காவல் செய்வதற்கென்று பிரஜைகளிடம் வரி வாங்கும் ராஜ்யம், அந்தக் காவல் தவறியபோது உண்டாகும் நஷ்டத்தில் பங்கு ஏற்க வேண்டாமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

நம் முன்னோருக்கு இது புதிய கேள்வியன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே பாடிகாவல் என்று காவலுக்கெனத் தனி வரி குறிக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் பாளையக்காரர் ஆட்சியில் தேசகாவல், ஸ்தலகாவல் என்ற பெயர்களோடு அம்முறை வளர்ந்து, அறுவடைக் களத்தில் காவல்காரர் தம் பங்குத் தானியத்தை அளந்து பெற்றுக்கொள்வதும், தம் எல்லைக்குள் களவு நேர்ந்தால் பொருளை மீட்டுத் தருவது, இயலாவிடில் அதன் கிரயத்தைத் தாமே கொடுத்துத் தீர்ப்பது என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமாயின. இங்கிலாந்திலும் இதை ஒத்த முறை இருந்தது. 1285-ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சாசனப்படி, கொள்ளையிட்டவரைப் பிடித்துக் கொடுக்கத் தவறிய வட்டாரத்து மக்கள் அனைவரும் சேர்ந்து இழந்தவனுக்கு ஈடு கட்ட வேண்டும். கடன்பட்டுச் சிறையிலிருந்தவன் தப்பியோடினால், அவன் கடனுக்கு அவ்வட்டாரத்து அரச அதிகாரியான ஷெரீப்பே கடன் கொடுத்தவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆயினும் பழமை என்ற ஒரே காரணத்தால் அம்முறையைப் போற்றுவது நியாயமாகாது. ஈடு கட்டும் பாரம் தனியொரு காவல்காரன் தலையில் விழுந்தபோது, அவன் அதைத் தன் கையிலிருந்து கொடுப்பதைவிட வேறொருவனிடமிருந்து வசூலிப்பதே எளிது என்று கண்டுகொண்டான். காவல் கூலி கொடுக்க மறுத்தவன் வீட்டு மாடு காணாமற் போவதும், துப்புக்கூலி வைத்த பின் அதுவே திரும்பி வருவதும் எத்தனையோ கிராமங்களில் நிகழ்ந்தன. எப்படியேனும் பொருளைக் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும் என்ற நெருக்கடியில் நிரபராதி அடிபட்டு ஒப்புக்கொண்டதும் உண்டு. இன்றும், களவு போன நகையை மீட்டாக வேண்டுமென்ற அவசரத்தில் கைக்கு எளிதில் அகப்படும் ஏழையின் மேல் லத்தி விழும் அபாயம் நீங்கிவிட்டது என்று எவரும் துணிந்து சொல்ல முடியாது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் காவல் சிக்கலை எவ்வாறு தீர்த்தார்கள் என்று பார்ப்போமாயின், அவர்கள் தீர்த்தது பாதியே என்பது விளங்கும். பாளையங்களை ஒடுக்கியபின், பாளையக்காரர் பெற்று வந்த காவல் வரவைச் சர்க்கார் வரவோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த வரவோடு பிணைந்திருந்த ஈட்டுக் கடனைக் கஜானா ஏற்கவில்லை. கோயம்புத்தூர்ச் சீமையையும் பாராமகாலையும் நன்கறிந்த தாமஸ் மன்றோ தலைமை வகித்த கமிஷனின் யோசனைகளைத் தழுவி, 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ரெகுலேஷன், கிராம மணியக்காரர், தாசில்தார், கலெக்டர் ஆகியோரிடமே போலீஸ் அதிகாரத்தையும் ஒப்படைத்தது. வரி தண்டும் கையே குற்றம் விசாரிக்கும் கையாகவும் ஆனதன் விளைவை 1855-இல் சென்னை ராஜதானியின் சித்திரவதை விசாரணைக் கமிஷன் பக்கம் பக்கமாக வெளியிட்டது. அதன் பின்னரே, 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால், வரி வசூலினின்றும் பிரிந்த போலீஸ் ஸ்தாபனம் ஒன்று இங்கே உருவாயிற்று. போலீசாரிடம் கூறிய ஒப்புதல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது என்ற 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதியும் இந்த அனுபவத்தோடு தொடர்புடையதே. பழைய காவல் மரபினரின் கதி இன்னும் கொடியது. காவலை இழந்த சமூகங்கள் சில, பின்னர்க் குற்றப்பரம்பரையினர் என்றே பதிவு செய்யப்பட்டன. அக்கொடுமையை எதிர்த்து நின்ற மக்கள் 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் சுடப்பட்டு மாண்டார்கள்.

இன்றைய அமைப்போ முற்றிலும் வேறு. கோவை மாநகருக்குத் தனி கமிஷனர்; மாவட்டத்தின் மற்றப் பகுதிகளுக்குக் கண்காணிப்பாளர் ஒருவர்; அவருக்குக் கீழ் கருமத்தம்பட்டி போன்ற உட்கோட்டங்களுக்குத் துணைக் கண்காணிப்பாளர்கள்; அவர்களுக்குக் கீழ் ஸ்டேஷன்தோறும் இன்ஸ்பெக்டர், சப்-இன்ஸ்பெக்டர், ஏட்டு, காவலர். இவருள் எவரும் அறுவடைப் பங்கு பெறுபவரல்லர். மாதச் சம்பளம் பெறுபவர்கள், மாற்றல் உத்தரவு வந்தால் மறுநாளே பெட்டி கட்டிப் புறப்பட வேண்டியவர்கள். இரவெல்லாம் ரோந்து சுற்றும் காவலர் ஒருவரிடம், பத்து மைலுக்கு அப்பால் போன வயருக்குக் கிரயம் கேட்பது அநியாயம் என்பதில் ஐயமில்லை. அமெரிக்க மாவட்டங்களிலோ ஷெரீப்பை மக்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவியேற்கையில் அவர் ஜாமீன் பத்திரமும் எழுதிக் கொடுப்பது வழக்கம். அவ்வாறு எழுதிக் கொடுத்த மேரிலாந்து ஷெரீப் ஒருவர், கும்பல் ஒன்று ஒரு மனிதனை நாள்கணக்கில் பிடித்து வைத்துப் பணம் பறித்தபோது காப்பாற்ற மறுத்தார் என்று தொடுத்த வழக்கில், 1855-ஆம் ஆண்டுத் தவணையில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, அமைதி காப்பது பொதுமக்கள் அனைவருக்கும் பட்ட கடமையே அன்றித் தனி மனிதனுக்குப் பட்ட கடமையன்று என்று கூறிவிட்டது. மக்கள் தேர்ந்தெடுத்தும், ஜாமீன் கொடுத்தும், இழந்தவனுக்கு வழி பிறக்கவில்லை.

எல்லார்க்கும் பட்ட கடமை எவர்க்கும் பட்டதன்று என்னும் இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஒவ்வொரு களவுக்கும் சர்க்கார் பணம் தருவதென்றால், பொய்ப் புகாரும், பூட்டுப் போடாத அலட்சியமும் பெருகும். பணம் உள்ளவனுடைய பெரிய நஷ்டத்துக்கு ஏழையின் வரியிலிருந்து ஈடு போகும். ஆனால் இந்த வாதம் செல்லுபடியாகாத இடமொன்று உண்டு. பொருள் போலீசாரின் கைக்கே வந்து சேர்ந்தபின் தொலைந்தால் என்ன செய்வது?

1947 செப்டம்பரில் மீரத் நகரில், அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து, அவரிடமிருந்த வெள்ளியையும் 100 தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும் போலீசார் பறிமுதல் செய்தார்கள். வியாபாரி விடுதலையானார்; வெள்ளி திரும்பி வந்தது; தங்கத்தைக் காத்து வைத்திருந்த ஏட்டே அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். போலீசாரின் கவனக்குறைவு ஐயமற நிலைநாட்டப்பட்டும், கைது செய்வது அரசின் இறைமை அதிகாரமாகையால் நஷ்டஈடு கிடையாது என்று சுப்ரீம் கோர்ட்டு கஸ்தூரிலால் வழக்கில் தீர்ப்பளிக்க நேர்ந்தது. தீர்ப்பெழுதியவர்களே அதில் மனநிறைவு கொள்ளாமல், இதற்கொரு சட்டம் இயற்றும்படி சட்டசபையைக் கேட்டுக்கொண்டார்கள். 1977-இல் அதே கோர்ட்டு வேறு வழியில் நடந்தது. மைசூர் ராஜ்யத்தில் ஒரு பெண்மணியின் வீட்டில் களவு போய் மீட்கப்பட்ட நகைகள் ஸ்டேஷனில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தன. பின்னர்த் திறந்து பார்த்தபோது உள்ளே கல்லும் செங்கல்லும் இருந்தன. பொருளைத் தன்வசம் வைத்திருந்த அரசு பதில் சொல்லியே தீர வேண்டும் என்று கூறி, 10,000 ரூபாய் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது.

இவ்விரண்டில் பின்னதே அறத்தோடு பொருந்துகிறது. குடிமகன் தன் பொருளைத் தானே காக்கும் நிலையிலிருந்து விலக்கப்பட்டு, ஸ்டேஷன் அறையில் அதை விட்டுச் செல்லும்படி சட்டம் கட்டாயப்படுத்தும் கணத்திலேயே, பொதுக் கடமை தனி மனிதனுக்குப் பட்ட கடமையாகிவிடுகிறது. இதே நியாயம் ஒரு படி மேலும் செல்லும்: முன்கூட்டி அறிவித்தும், மீண்டும் மீண்டும் ஒரே காட்டில் வயர் அறுபடுவதாக எழுதிக் கொடுத்தும், ரோந்தே செல்லவில்லை என்பது நிரூபணமானால், அங்கும் அரசு பங்கு ஏற்பதே முறை. ஈடு கஜானாவிலிருந்து வர வேண்டுமே தவிரக் காவலரின் சம்பளத்திலிருந்து வரலாகாது. திருடன் பிடிபட்டால்தான் ஈடு என்ற நிபந்தனையும் கூடாது, ஏனெனில் அந்த நிபந்தனை மறுபடியும் லத்தியிடமே கொண்டுபோய் விடும். இது நடவாத காரியமன்று. இங்கிலாந்தில் கலகத்தால் நேரும் சேதத்துக்குப் போலீஸ் நிதியிலிருந்து ஈடு கொடுப்பது 1886 முதல் சட்டமாக இருந்து வருகிறது. நம் நாட்டில் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கும் திட்டங்கள் இருப்பினும், அவை உயிரிழப்பையும் உடற்சேதத்தையும் பாலியல் கொடுமையையுமே முக்கியமாகக் கருதுகின்றன, அது சரியே. ஆனால் கடன் வாங்கி வயர் போட்ட தோட்டக்காரருக்கும், தறிக்குடோனில் நூல் கோன்களைப் பறிகொடுத்தவருக்கும் அங்கே இடமில்லை.

கஸ்தூரிலால் வழக்கில் கோர்ட்டு கேட்டுக்கொண்ட அந்தச் சட்டத்துக்கான மசோதா 1965-இலும், திருத்தங்களோடு 1967-இலும் பார்லிமெண்டில் கொண்டுவரப்பட்டு, நிறைவேறாமலேயே காலாவதியாயிற்று. அதை மீண்டும் எடுத்து, போலீஸ் வசத்திலுள்ள பொருளுக்கும் நிரூபணமான காவல் தவறுதலுக்கும் அரசு பொறுப்பு என்ற இரு விதிகளையாவது சேர்த்து நிறைவேற்றும்படி, கட்சி பேதமின்றி நம் பிரதிநிதிகளை வாக்காளர்கள் வற்புறுத்த வேண்டும்.