களைத்த உடலுக்குச் செய்யும் தொண்டு



திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடிப் போற்றிய கோணேசப் பெருமான் எழுந்தருளியிருக்கும் இத்திருகோணமலை மண்ணில், பெற்றோரைப் பேணுதல் இறைபணி என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அந்தத் தாயோ தந்தையோ முற்றிய புற்றுநோயால் படுக்கையில் விழும்போது, அப்பணியை எவ்வாறு செய்வது என்பதில்தான் பிள்ளைகள் பலர் தடுமாறுகின்றனர்.

7ஆம் நூற்றாண்டிலே, சமண சமயத்தைச் சார்ந்திருந்த மருணீக்கியார் சூலை நோயால் துடித்துத் திருவதிகைக்கு வந்து, தமக்கையார் திலகவதியாரின் பாதத்தில் விழுந்தார். அம்மையார் பழையதைச் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். உடனழைத்துக்கொண்டு திருக்கோயிலுக்குச் சென்றார். அவரே பின்னர் திருநாவுக்கரசு நாயனார் ஆனார். நோயாளிக்குத் துணை நிற்பவர் முதலில் விடவேண்டியது குறை கூறுதலையே என்பது இதனால் விளங்கும்.

கொட்டியாரக்குடாவில் விடிய விடிய வலை இழுத்தவரின் களைப்பு ஓர் உறக்கத்தில் தீரும். மஹரகம வைத்தியசாலைக்குச் சென்று கீமோதெரபி மருந்து ஏற்றி வந்தவரின் களைப்போ உறங்கினாலும் தீராது. நோய், மருந்து, இரத்தச்சோகை, வலி, மனக்கவலை யாவும் சேர்ந்து உண்டாக்குவது அது. அது சோம்பலன்று, பக்திக் குறைவுமன்று. "எழும்பி நடவுங்கோ அப்பா, இப்படியே படுத்திருந்தால் எப்படி?" என்று மகன் அன்பினால் அதட்டினாலும், தந்தை தம்மைப் பாரமென்று எண்ணிக் கூசிப்போவார்.

ஆகவே, உள்ள சிறு பலத்தை அவர் விரும்பும் காரியத்துக்கு மிச்சப்படுத்திக் கொடுங்கள். கதிரையில் இருத்திக் குளிக்க வாருங்கள். கஞ்சியைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், வற்புறுத்த வேண்டாம். உடல் இடங்கொடுத்தால் முற்றத்தில் நாலு அடி நடப்பது நல்லது. களைப்பையும் வலியையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கீமோதெரபி பெறும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரு மகளே எல்லாவற்றையும் சுமக்க விடாமல், சகோதரர்கள் இரவுகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

அப்பரின் சூலை நீங்கியது. எல்லா நோயும் அவ்வாறு நீங்குவதில்லை. அதற்காக முன்வினை என்று நோயாளியின் காதுபடப் பேசுவது அடியார்க்கு அழகன்று. தேர் பார்க்க வர இயலாதவருக்குத் திருநீறு வீடு தேடிப் போகட்டும். அவர் கண் அயரும்போது பக்கத்தில் ஓசையின்றி அமர்ந்திருப்பதும் வழிபாடே.

கோணேசப் பெருமான் திருவருள் பாலிப்பாராக.