கூடமும் கோணலாக இருக்கலாம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை வகுப்பறையில் ஒருமுறையேனும் சொல்லாத ஆசிரியர் அரிது. பேனை எழுதவில்லை என்று முறையிடும் மாணவனுக்கும், அடிமட்டம் சரியில்லை என்று சொல்லும் மாணவிக்கும் இதையே பதிலாகக் கொடுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். பழமொழி தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. விசாரணை எங்கே நடந்தது? அந்தக் கூடத்தை எவராவது ஒரு தடவை அளந்து பார்த்தார்களா? குற்றம் கையிலா, கருவியிலா என்ற கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மனிதரை மனிதர் எடைபோடும் முறை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து, தன் மோட்டார் சைக்கிளைத் தானே கழற்றிப் பூட்ட முயலும் ஒரு சாதாரண மனிதனை எடுத்துக்கொள்வோம். எங்கள் பெரகலப் பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வெல்லவாய நோக்கிப் போகும் ஏ4 வீதியில், அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கமாக ஏ16 வீதி பிரிகின்ற சந்தி இது. சந்தியை விட்டுத் தோட்டங்களுக்குள் போய்விட்டால், நின்றுபோன வண்டியைக் கராஜ் வரை தள்ளிச் செல்வதற்கே அரை நாள் போய்விடும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதற்கே எத்தனை வருடப் போராட்டம்! அப்படி உழைக்கும் வீட்டில், ஒரு நாட்சம்பளத்தையும் இழந்து கராஜ் கூலியும் கொடுப்பது இலேசான காரியமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையிலே 2022இல், 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாய்க்கு ஏறியது. ஆகவே பழைய வண்டியைத் தன் கையாலேயே பார்த்துக்கொள்வது இங்கே பொழுதுபோக்கல்ல, பிழைப்பின் ஒரு பகுதி.

இனி அவன் கையிலுள்ள கருவிகளைப் பார்ப்போம். சந்தையில் வாங்கிய ஒரு ஸ்பேனர் செட், அயலில் இரவல் வாங்கிய இரண்டு மூன்று சாமான்கள், அப்பா காலத்துக் குறடு ஒன்று. இவற்றிலே எது எதற்குப் பொருந்தும்? இங்கேதான் அவனுக்குத் தெரியாத ஒரு வரலாறு குறுக்கே வருகிறது.

திருகாணிகளுக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று இங்கிலாந்தில் ஜோசப் விட்வேர்த் 1841இல் ஒரு முறையை முன்வைத்தார். அதன் புரிகளின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்வைத்த முறையில் அது 60 பாகை. மலையகத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேய இயந்திரங்கள் விட்வேர்த் அளவில் அமைந்தவை. பின்னர் அங்குல அளவில் பிரித்தானிய வாகனங்கள் வந்தன. அதன் பின்னர் மில்லிமீற்றர் அளவில் யப்பான், இந்திய வண்டிகள் வந்தன. ஒன்று போய் மற்றொன்று வரவில்லை. எல்லாமே தங்கிவிட்டன. ஸ்பேனர்களும் அப்படியே கைமாறிக் கைமாறி வீடுகளில் கலந்துவிட்டன.

விட்வேர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதல்ல, போல்ட்டின் தண்டின் பருமனைக் குறிப்பது. எட்டில் மூன்று என்று பொறித்த ஸ்பேனரின் வாய் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் இருக்கும். எண்ணை நம்பியவன் ஏமாந்துபோவான். அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீற்றர். அதன்மேல் 13 மில்லிமீற்றர் ஸ்பேனர் தாராளமாகப் போய் உட்காரும். 0.3 மில்லிமீற்றர்தானே வித்தியாசம்? இலேசாகச் சுழலும் போல்ட்டிலே அது தெரியாது. இறுகிய போல்ட்டிலே ஸ்பேனர் பக்கங்களைப் பிடிக்காமல் மூலைகளை மட்டும் அழுத்தும். மூலைகள் மழுங்கிவிட்டால் பிறகு சரியான ஸ்பேனருக்கும் பிடி கிடைக்காது. மில்லிமீற்றருக்குள்ளும் சிக்கல் உண்டு. ஒரே 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு யப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 12 தலை, சர்வதேச நியமத்தில் 13 தலை.

நட்சத்திர ஸ்குரூ ட்ரைவரின் கதை இதைவிட மோசம். ஹென்றி பிலிப்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரால் 1936இல் காப்புரிமை பெற்ற அந்தக் குறுக்குத்தலை, விசை கூடினால் ட்ரைவரை மேலே தள்ளிவிடும் இயல்புடையது. யப்பானிய வண்டிகளின் திருகாணிகளோ வேறொரு நியமத்துக்கு வெட்டப்பட்டவை. பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிலிப்ஸ் ட்ரைவர் அந்தப் பள்ளத்தின் அடிவரை போய் முழுமையாக உட்காராது. இரண்டு தடவை வழுக்கினால் பள்ளம் கிண்ணமாகிவிடும். போதாததற்கு எங்கள் ஊர் மூடுபனியும் மழையும். இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிடக் கூடிய இடத்தைப் பிடிக்கும். புரிகளுக்கிடையே அது ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடும்.

இத்தனையும் சேர்ந்துதான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவனைச் சுத்தியலைத் தூக்க வைக்கின்றன. வீட்டுக்குள்ளிருந்து, “தெரியாத வேலையை ஏன் தொடுறீங்க?” என்று குரல் வருகிறது. வேலியோரம் நிற்பவர் சிரிக்கிறார். அவனுக்கே தன் கையின்மீது நம்பிக்கை போய்விடுகிறது. கருவி பிழைத்த இடத்தில் ஒரு மனிதன் தன்னையே குறைவாக மதிக்கத் தொடங்குகிறான். நட்டமாவது ஒரு நட் மட்டுமல்ல.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கராஜில் இருக்கும் பாஸிடமும் தேய்ந்த கருவிகள்தானே இருக்கின்றன? அவர் எப்படிக் கழற்றுகிறார்? கையிலே வித்தை இருந்தால் எதுவும் பேசும் அல்லவா?

அவருடைய வேலையைக் கொஞ்சம் பொறுமையாகக் கவனித்தால் விடை கிடைக்கும். அவர் உடனே திருப்புவதில்லை. முதலில் தலையைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார். மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுகிறார். தேவையானால் சூடு காட்டுகிறார். எந்த ஸ்பேனரின் வாய் விரிந்துவிட்டது என்பது அவருக்கு மனப்பாடம். சிலவேளை, “இதுக்குச் சரியான சாமான் இல்ல, நாளைக்குப் பார்ப்போம்” என்று எழுந்துவிடுகிறார். கூடத்தின் கோணலை ஆடுவதற்கு முன்பே அளந்துகொள்வதுதான் அவருடைய வித்தையின் பெரும்பகுதி. பழமொழி எள்ளி நகையாடும் அதே வார்த்தையைத்தான் நல்ல தொழிலாளி வேலையின் தொடக்கத்திலேயே சொல்கிறார். சாக்கு, வேலை கெட்ட பின்னர் வருவது. கணிப்பு, வேலைக்கு முன்னர் வருவது.

ஆகவே கருவியைக் குறைசொல்லும் எல்லோரும் நியாயவான்கள் என்று நான் வாதாடவில்லை. நல்ல ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துவிட்டு உற்பத்தியாளனைத் திட்டுபவரும் உண்டு. அவசரமும் அலட்சியமும் மெய்யான குற்றங்கள்தாம். ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதே கருவியைத் தேர்ந்த கையிலே கொடுத்துப் பாருங்கள். அதே கையிலே சரியான கருவியைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றையும் செய்யாமல் தீர்ப்பளிப்பது நீதியாகாது.

இந்தச் சோதனையை நாம் பாடசாலையில் செய்கிறோமா? சாதாரண தரப் பரீட்சைக் கணித வினாத்தாளில் நேர்விளிம்பும் கவராயமும் கொண்டு அமைக்கும் கேத்திரகணித வினா ஒன்று வரும். லயத்திலிருந்து வரும் பிள்ளையிடம் இருப்பது அண்ணனும் அக்காவும் பாவித்து மூட்டு தளர்ந்துபோன கவராயம். சுற்றிவரும்போதே அதன் கால்கள் விரிகின்றன. தொடங்கிய புள்ளியில் வட்டம் வந்து சேர்வதில்லை. நாம் கொப்பியின் ஓரத்தில் ‘கவனமின்மை’ என்று சிவப்பு மையால் எழுதுகிறோம். அந்தச் சொல் பிள்ளையின் மனதில் தங்கிவிடுகிறது. கவராயத்தின் ஆணியை இறுக்க ஒரு நிமிடம் போதும். பிள்ளைமேல் விழுந்த அந்தச் சொல்லைத் துடைக்கப் பல வருடங்கள் ஆகும்.

பழமொழிக்கு இன்னொரு பாதியும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடம் நேராக இருந்தது என்று நன்றாக ஆடியவர் யாரும் சொல்வதில்லை. நல்ல கவராயம், மேசை விளக்கு, தனி வகுப்பு, அமைதியான அறை இவற்றோடு படித்துச் சித்தியடைந்தவர், அது முழுவதும் தன் திறமை என்றே நம்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. சரியாகப் பொருந்தும் ஸ்பேனரைக் கை உணராது. வழுக்கும்போதுதான் கருவி என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். அதனால்தான் வசதியுள்ளவர் தம் வசதியைக் காண்பதில்லை, வசதியற்றவர் தம் திறமையைக் காண்பதில்லை. தோற்றவரின் கருவியை விசாரிக்கும் கடமை நமக்கு இருப்பதைப் போலவே, வென்றவர் தம் கருவிக்கு நன்றி சொல்லும் கடமையும் இருக்கிறது.

சில கூடங்கள் வேண்டுமென்றே கோணலாகக் கட்டப்படுகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஏறத்தாழ 2011 முதல் ஆப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசிகளில் சாதாரண ட்ரைவர் நுழையாத ஐந்திதழ்த் திருகாணியைப் பூட்டியது. வாங்கியவரே தன் பொருளைத் திறக்க முடியாத இத்தகைய போக்குகளுக்கு எதிராக எழுந்த குரல்களின் பயனாக, பழுதுபார்க்கும் உரிமை குறித்த சட்டப் பணிப்புரை ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது. திறக்க முடியாதவனைத் திறமையற்றவன் என்று சொல்லாமல், பூட்டியவனிடம் கேள்வி கேட்டதுதான் அங்கே நடந்த நல்ல காரியம்.

நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அமானிதம் என்ற சொல்லைப் பணத்துக்கும் நகைக்கும் மட்டுமே நினைக்கப் பழகிவிட்டோம். இரவல் வாங்கிய ஸ்பேனரும் அமானிதம்தான். வாய் விரிந்ததை மறைத்துத் திருப்பிக் கொடுத்தால், அடுத்தவனின் தோல்வியை நாம் முன்கூட்டியே தயாரித்து வைக்கிறோம். நாலு வீடுகள் பணம் சேர்த்து, தரமான ஒரு செட் ஸ்பேனரும் புள்ளித்தலைத் திருகாணிக்குரிய ட்ரைவரும் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டால், தோட்டத்திலே பல ஞாயிற்றுக்கிழமைகள் சண்டையின்றிக் கழியும். பாடசாலையிலும் ஒரு பெட்டி நல்ல கவராயங்கள் பொதுவில் இருக்கலாம். அதன் பிறகும் வட்டம் மூடாவிட்டால், அப்போது பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்போம். பழமொழியை அதற்கும் பிறகு, தேவைப்பட்டால், சொல்லிக்கொள்ளலாம்.