நாணமும் நாவடக்கமும்

நாணம் தமிழர் போற்றிய பண்புகளுள் ஒன்று. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். ஆயினும் நாணம் எதன்மேல் செல்ல வேண்டும் என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. ஒருவன் தான் செய்த செயலுக்காக நாணலாம், நாணத்தான் வேண்டும். தான் செய்யாத ஒன்றுக்காக, பிறக்கும்போதே தன்னுடன் வந்த உடலின் ஒரு பகுதிக்காக, அவன் நாண வேண்டுமா? அந்த நாணம் அறமாகுமா, அன்றி வெறும் பழக்கந்தானா? இதைப் பொதுப்படப் பேசி முடித்துவிட்டால் பயனில்லை. ஆதலின் உடலின் ஓரிடத்தையே எடுத்துக்கொண்டு ஆராய விழைகிறேன். மருத்துவ நூலார் அதனைப் 'பெரினியம்' என்பர். நம் அன்றாடப் பேச்சில் அதற்கு நிலைபெற்ற பெயர் இல்லை. என் வினாவுக்கு அதுவே போதிய சான்று.

இரு தொடைகளும் உடலோடு சேரும் இடத்தில், முன்னே பூப்பெலும்பின் பொருத்து, பின்னே வால் எலும்பு, இரு பக்கமும் நாம் உட்காரும்போது தரையில் ஊன்றும் எலும்பு முனைகள். இந்நான்கையும் கோட்டால் இணைத்தால் சாய்சதுரம் ஒன்று கிடைக்கும். அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அது இரு முக்கோணங்களாகும். முன் முக்கோணத்தில் ஆணுக்குச் சிறுநீர்க்குழாய் ஒன்றே ஊடுருவிச் செல்கிறது. பெண்ணுக்குச் சிறுநீர்க்குழாயும் பிறப்பு வாயிலும் என இரண்டு. பின் முக்கோணம் இருவர்க்கும் ஏறக்குறைய ஒன்றே; எருவாயும் அதனைச் சுற்றிய சுருக்குத் தசையும் அங்கு உள்ளன. இரு முக்கோணங்களும் கூடும் நடுவிடத்தில் தசையும் நாரும் பின்னிய ஒரு முடிச்சு இருக்கிறது. சிறியதுதான், ஆனால் கூடாரத்தின் கயிறுகள் எல்லாம் வந்து கட்டுண்ணும் முளை போல, இடுப்புத் தளத்தின் தசைகள் பல அங்கு வந்து சேர்கின்றன. குடலும் சிறுநீர்ப்பையும் கருப்பையும் கீழே சரியாமல் தாங்கும் தளம் அது.

ஆண், பெண் வேற்றுமையை இவ்விடத்தில் தேடுவோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கரு உருவான முதல் ஏழு வாரங்களில் புற உறுப்பைக் கண்டு ஆணா பெண்ணா என்று எவராலும் கூற இயலாது. இருவர்க்கும் ஒரே மொட்டு, ஒரே மடிப்புகள். 12ஆம் வாரத்தளவில்தான் வேற்றுமை தெளிவாகத் தொடங்குகிறது. பெண்ணிடம் அம்மடிப்புகள் பிரிந்தே நின்று இதழ்களாகின்றன. ஆணிடம் அவை நடுவில் ஒட்டி விதைப்பையாகின்றன. ஒட்டிய இடத்தில் தையல் போட்டாற்போல ஒரு கோடு எருவாய் வரையில் ஓடுகிறது. ஆண்மகன் ஒவ்வொருவனும் தான் எவ்வகையில் தொடங்கினான் என்பதன் அடையாளத்தை இறுதிவரை சுமந்து திரிகிறான். தசைகளுக்கும் இருபாலாரிடத்தும் ஒரே பெயர்கள்தாம். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஒரே நரம்புதான் இருவர்க்கும் அவ்விடத்தை உணர்த்துகிறது.

அந்த நரம்பின் பெயரைக் கேளுங்கள். மேலை மருத்துவம் அதனைப் 'பியூடெண்டல்' நரம்பு என்கிறது. நாணத்தக்கது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். பெண்ணின் புற உறுப்பு முழுவதையும் 'பியூடெண்டம்' என்றே நூற்றாண்டுகளாக வழங்கினர். 2019ஆம் ஆண்டு வெளியான அனைத்துலக உடற்கூற்றுச் சொற்பட்டியலில் அப்பெயர் நீக்கப்பட்டது. நரம்பின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நம் நாட்டு மொழியில் நாம் நாள்தோறும் கேட்கும் 'கெமாலுவான்' என்ற சொல்லும் நாணம் எனப் பொருள்படும் 'மாலு' என்பதன் வழிவந்ததே. வடமொழி 'குய்யம்' என்கிறது. மறைக்கப்பட்டது என்பது அதன் பொருள். தமிழில் நாம் வழங்கும் சொல்லோ 'பிறப்புறுப்பு'. மறைவாலும் நாணத்தாலும் பெயரிடாமல் தொழிலால் பெயரிட்ட சொல் அது. இத்துணை நேர்மையான சொல்லை வைத்துக்கொண்டு அதைச் சொல்லத் தயங்குகிறோம் என்பது வேடிக்கை.

ஆசிரிய நண்பர்கள் இங்கே இடைமறித்து, இடக்கரடக்கல் என ஒன்று உண்டே, அதனை இலக்கணமே விதித்துள்ளதே என்று கேட்கக்கூடும். உண்மைதான். அவையல்கிளவியை மறைத்துக் கூறுமாறு தொல்காப்பியர் கூறினார். நன்னூலார் இடக்கரடக்கலைத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தார். 'கால் கழுவி வந்தான்' என்னும் எடுத்துக்காட்டை நாமும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறோம். அவ்வெடுத்துக்காட்டைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். சொன்னவன் ஒரு சொல்லை மறைத்தான். ஆனால் செய்தியை மறைக்கவில்லை. கேட்டவனுக்குப் பொருள் முழுமையாக விளங்கிற்று. இடக்கரடக்கல் ஒருவகைச் சொல்லும் முறையே. சொல்லாமல் விடும் முறையன்று. கேட்பவனுக்கு விளங்காதபடி பேசுவதையும் பேசாமலே இருப்பதையும் அதன் பெயரால் காப்பாற்ற இயலாது. மேலும், தொல்காப்பியர் குறித்தது அவையை. மருத்துவரின் அறையும் தாயின் மடியும் அவையாகா.

பழந்தமிழர் இவ்வகையில் நம்மினும் துணிவுடையோர். திருமூலர் மூலாதாரத்தின் இருப்பிடத்தைக் காட்டும்போது உடலின் இரு கீழ்வாயில்களையும் குறித்து, அவற்றின் இடையில் விரலளவு வைத்து எல்லை சொல்கிறார். யோகத்தின் முதற்படி நாம் பெயர் சொல்ல அஞ்சும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. சங்கப் பாட்டில் வரும் 'அல்குல்' என்ற சொல்லைக் கண்டதும் 'இடை' என்று விரைந்து உரைத்துவிட்டு அடுத்த அடிக்குத் தாவுகிறவர்கள் நாம்தாம்; புலவர்கள் தாவவில்லை.

வள்ளுவரிடம் திரும்புவோம். நாணுடைமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே அவர் இரண்டு நாணங்களைப் பிரித்து வைக்கிறார். தகாத செயல் செய்ய அஞ்சிப் பின்வாங்குவது ஒன்று. அழகிய மகளிர்க்கு இயல்பான கூச்சம் மற்றொன்று. அவ்வதிகாரம் போற்றுவது முன்னதையே. பிறர் பழிக்கும் தன் பழிக்கும் ஒருங்கே நாணுகிறவனையே அவர் உயர்த்திப் பேசுகிறார். உடல் செயலன்று. அது பழியும் அன்று. உடலுக்குரிய கூச்சத்தை அறத்துக்குரிய நாணத்தின் இருக்கையில் அமர்த்தியது நாம் செய்த குழப்பம்.

இக்குழப்பத்திற்கு விலை உண்டு. தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையின் சைக்கிளை ஓட்டிப் பழகுகையில் கால் வழுக்கி, குறுக்குக் கம்பியின்மேல் கவட்டுப்புறம் மோத விழுந்தான். வீட்டில் "வயிற்று வலி" என்றான். தோட்டத்து மருந்தகத்திலும் அதையே சொன்னான்; வயிற்று வலிக்குரிய மருந்து கிடைத்தது. இரண்டாம் நாள் சிறுநீர் கழிக்க முடியாமல் அவன் துடித்தபோதுதான் தாய் உண்மையை அறிந்தாள். அத்தகைய வீழ்ச்சியில் கம்பிக்கும் பூப்பெலும்புக்கும் இடையே சிறுநீர்க்குழாய் நசுங்குகிறது. கிழிந்தால் சிறுநீர் தோலின் அடியில் பரவும். பட்டணத்து மருத்துவமனையில் பையன் பிழைத்தான். அவன் பொய் சொல்லவில்லை. அடிபட்ட இடத்தைச் சொல்ல அவனுக்கு ஒரு சொல்லும் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. சொல் தெரிந்த இடமாகிய வயிற்றைச் சொன்னான்.

பெண்கள் செலுத்தும் விலை இன்னும் பெரிது. முதற் பேற்றின்போது பெரும்பாலோர்க்கு அவ்விடத்தில் ஓரளவேனும் கிழிவு நேர்கிறது. மருத்துவர் அதனை நான்கு படிகளாகப் பிரிப்பர். முதற்படி தோலளவில் நிற்கும், மூன்றாம் நான்காம் படிகளில் எருவாய்த் தசையே அறுபடும். கிழிவுக்கு முந்திக்கொண்டு கத்தியால் வெட்டிவிடும் முறையை டப்ளின் நகரத்து பீல்டிங் ஊல்டு 1742இல் எழுதினார், அரிதாகத் தேவைப்படும்போது செய்வதற்காக. பிற்காலத்தில் அது பல நாடுகளில் எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாயிற்று. வழக்கமாக வெட்டுவதைத் தான் பரிந்துரைக்கவில்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் அறிவித்தது. இடையில் உள்ள நெடுங்காலத்தில் எத்தனை பெண்கள் 'ஏன் வெட்டினீர்கள்?' என்று கேட்டிருப்பார்கள்? கேட்பதற்கு முதலில் எங்கே வெட்டினார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். நம் பாட்டிமார் பலர் கருப்பை இறங்கியும், சிரித்தால் சிறுநீர் கசிந்தும், அதனைப் பிள்ளை பெற்றவளின் விதி என்று சுமந்தே வாழ்ந்து மறைந்தனர். பிற்காலத்தில் வந்த எளிய தசைப் பயிற்சிகள்கூட அவர்களைச் சென்று சேரவில்லை. பயிற்சி எந்தத் தசைக்கு என்று சொல்ல யார் வாய் திறந்தார்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். மறைவு பாதுகாப்பும் ஆகுமல்லவா? பெயரை எங்கும் இறைத்துவிட்டால் அது தெருவோர வசையாகிவிடும். ஏற்கெனவே வசைச்சொற்கள் பிறப்பதும் அவ்வுறுப்புகளின் பெயரில்தானே என்பர். ஆம், மறைக்க வேண்டியதை மறைக்கத்தான் வேண்டும். ஆடை அதற்குத்தான் உள்ளது. ஆனால் வசைகளைப் பாருங்கள்: நல்ல சொல்லை நாம் கற்பிக்காத வெற்றிடத்தில்தான் அவை வளர்கின்றன. பள்ளி வாசலில் பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்த ஒரே சொல் வசைச்சொல்லாக இருந்தால், அதனை அவன் ஆசிரியரிடமோ தாயிடமோ எவ்வாறு சொல்வான்? தீய எண்ணத்தோடு எவனேனும் அவனைத் தொட்டால், அந்தச் சொல்லைச் சொல்லி முறையிட அவன் நாக்கு எழுமா? சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே நம் நாடு 2017இல் தனிச் சட்டம் இயற்றியது. குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதும் அதன்கீழ் குற்றம். சட்டம் நம்மைப் பேசச் சொல்கிறது. குழந்தை முதலில் பேசினாலன்றோ நாம் பேச முடியும்?

நலக்கல்விப் பாடம் நம் பள்ளிகளில் இருக்கிறது. ஆயினும் அப்பக்கம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிடும் வழக்கமும் இருக்கிறது. வீட்டில் யார் சொல்லித் தருவார்? பெற்றோரும் நம் மாணவராய் இருந்தவர்களே. அவர்களுக்கும் அப்பக்கம் புரட்டப்பட்டதுதான்.

எச்சொல்லை வைப்பது என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவு தோன்றவில்லை. 'பிறப்புறுப்பு', 'எருவாய்' இரண்டும் வகுப்பில் சொல்லத் தக்கவை; முதல் நாள் பிள்ளைகள் சிரிப்பர், மூன்றாம் நாள் சிரிக்க மாட்டார்கள். இரண்டிற்கும் நடுவே உள்ள இடத்திற்குப் 'பெரினியம்' என்பது பிள்ளை நாவில் ஒட்டாது. 'கவட்டுத்தளம்' என்று நான் ஆசிரியர் கூட்டமொன்றில் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் 'அடித்தளம்' போதுமே என்றார். இன்னொருவர் அது கட்டடத்திற்கு ஆகும் என்றார். அரை மணி நேரம் அச்சொற்களை வைத்து வாதிட்டோம். எவரும் முகம் சிவக்கவில்லை.