கருவியும் கட்டுப்பாடும்

வீணையில் ஒரு சுரம் பிசகினால் அவையில் அமர்ந்திருக்கும் எளிய சுவைஞரும் முகம் சுளிப்பர். அதற்கான அளவுகோலை மரபு அவர்களுக்குத் தந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழாசிரியனுக்கும் குழலோனுக்கும் தண்ணுமையோனுக்கும் உரிய தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. ஆனால், ஒருவன் முன்பில்லாத கருவியொன்றைத் தானே படைத்து, எழுதி வைத்த பண் ஏதுமின்றி, அக்கணத்தில் தோன்றியதை அதில் இசைப்பானாயின், அவன் பிழையைக் காண்பவர் யார்? ஆசானும் அவனே; மாணாக்கனும் அவனே; தீர்ப்பளிப்பவனும் அவனே. இது கலையா, அன்றிப் பொறுப்பினின்று தப்பும் வழியா?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஆங்கில நாட்டு இசைவாணர் ஹியூ டேவிஸ் (1943–2005) தக்கதோர் எடுத்துக்காட்டு. ஜெர்மானிய இசைமேதை ஸ்டாக்ஹவுசனிடம் 1964 முதல் 1966 வரை உதவியாளராக இருந்த அவர், 1968-இல் விந்தையான கருவியொன்றை அமைத்தார். ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியின் அட்டைக்குள் மெல்லிய ரம்பத் தகடுகள், சுருள்வில், பேரிங்கு ஆகியவற்றைப் பொருத்தி, அவற்றின் அதிர்வை வாங்கும் சிறு ஒலிவாங்கிகளையும் இணைத்தார். அத்தொகுதியின் முதுகில், அது எச்சொல் முதல் எச்சொல் வரை அடக்கியது என்பதைக் காட்டிய எழுத்துகளைச் சேர்த்து, 'ஷோசிக்' என்று கருவிக்குப் பெயரிட்டார். கிட்டார் கலைஞர் டெரக் பெய்லி, சாக்சபோன் கலைஞர் இவான் பார்க்கர் ஆகியோருடன் குழுவாக அமர்ந்து, முன்னேற்பாடில்லா இசையில் இத்தகைய கருவிகளை இயக்கினார்.

இருபதாண்டுகள் சாதகம் செய்தவர் இதனைக் கண்டு வெகுண்டால் அச்சினத்தில் நியாயம் உண்டு. உழைப்பின்றி எழும் ஒலிக்கு இசை என்னும் பெயரை எளிதில் வழங்கலாகாது. எனினும், பிழையே இல்லாத இடம் என்று இதனைக் கருதுதல் பொருந்தாது. சுருள்வில் இசைப்பவனின் விருப்பத்திற்குப் பணிவதில்லை. நகத்தின் மெல்லிய தீண்டலும் ஒலிபெருக்கியில் இடியென எழும். அதன் இயல்பைப் பொறுமையுடன் கற்றவனே அதனை ஆள இயலும். மேலும், அருகிருப்பவரின் மெல்லொலியைக் கேளாது தன் ஒலியால் மூடுவோன் அவ்வவையில் பிழை செய்தவனே ஆவான். நம் கச்சேரியிலும் கற்பனைச் சுரம் பாடுபவரைக் கவனியாது முழங்கும் மிருதங்கம், தாளம் தப்பாவிடினும் குற்றமுடையதே அன்றோ? ஆகவே, சுரத்தின் பிழை மறைந்தவிடத்தும் செவியின் பிழை எஞ்சி நிற்கிறது. அது ஒழுக்கத்தைச் சார்ந்த பிழை.

புதுமை தன்னளவில் ஒரு சிறப்பன்று. எதனைக் கடந்தோம் என்று அறியாதவன் கடந்தவனாகான். கலைக்களஞ்சியத்தின் அட்டையைக் கருவியாக்கிய டேவிஸே, 1984-இல் வெளிவந்த நியூ குரோவ் இசைக்கருவி அகராதிக்கு 300-க்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. அதனினும் மேலாக, தம் கருவிகளைக் கண்காட்சிகளில் பொதுமக்களின் கைகளுக்கும் அவர் அளித்தார்.

உண்மைக் கலைஞனைத் தப்பிப்போனிடமிருந்து பிரித்தறியும் உரைகல் இதுவே எனத் தோன்றுகிறது. தான் படைத்ததைத் தனக்கு மட்டுமே உரிய புதிராகப் போற்றுவோன் எவருடைய தீர்ப்புக்கும் அஞ்சி ஒளிகின்றான். அதனைப் பிறர் கையில் கொடுப்பவனோ, தன்னினும் நன்றாக அதனை இசைப்பார் ஒருவர் எழலாம் என்பதற்கு உடன்படுகின்றான். அவ்வுடன்பாடு உள்ள இடத்தில் மரபு அழிவதில்லை; புதிதாகத் தொடங்குகிறது.